பாஸ்ரா பணம்

மன்னார்குடியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, பிற்பாடு ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் என் உத்தியோகம். யாருடைய நஞ்சையை யாருடைய பாட்டன் வாங்கினார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, எதனால் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு மிதப்பு உண்டு. நியூஜெர்சியில் பத்தாவது படிக்கும் பேத்தி போனில் கேட்ட கேள்வியில் அது ஆட்டம் கண்டது.

"தாத்தா, நம்ம வீட்ல யாராவது சண்டைக்குப் போயிருக்காங்களா?"

நவம்பர் 11 அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நாள். வகுப்பில் ஆளாளுக்கு வீட்டு முன்னோர் கதையைக் கொண்டுவர வேண்டுமாம். கூடப் படிக்கிற ஒருத்தி, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இருந்த எள்ளுத்தாத்தாவையே பிடித்துவிட்டாளாம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்துப் பென்ஷன் கோப்புகள் இருக்கின்றன. புருஷன் செத்த பிறகு பென்ஷனுக்கு மனுப் போட்ட விதவை, எங்களுக்குக் கல்யாணம் நடந்தது நிஜம், பிள்ளைகள் அவருக்குப் பிறந்தவை என்று அக்கம்பக்கத்தாரைச் சத்தியம் செய்யவைத்துக் கொடுத்த வாக்குமூலம் முதற்கொண்டு அதில் இருக்கும். பேத்தி அதைச் சொன்னபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பணம் எங்கே கைமாறுகிறதோ அங்கேதான் காகிதம் பிறக்கும். என் தொழிலும் அதுதானே. அங்கேயும் எல்லாம் தப்பிவிடவில்லை. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் கரியாகிப்போயின.

"நமக்கேதும்மா சண்டையெல்லாம்? நெல்லும் உளுந்தும்தான்" என்றேன்.

திண்ணையில் சாய்ந்திருந்த சித்தப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மட்டும் சரியாக இருக்கிறது. "ஏன், பெரியவரு பாஸ்ரா போகலியா?" என்றார். பெரியவர் என்றால் என் தாத்தாவின் அண்ணன். அவர் இளவயதில் பரதேசியாகத் திரிந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். துருவிக் கேட்டதற்குச் சித்தப்பா, "எனக்கென்ன தெரியும், எங்கப்பா சொல்லுவாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுத்து மேஜையில் உட்கார்ந்து இத்தனை வருஷம் மனிதர்களைப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரியும். மறந்தவர் முகத்தைத் திருப்ப மாட்டார், யோசிப்பார்.

பாஸ்ரா ஈராக்கில் இருக்கிறது, பெரியவர் இளவயதில் அங்கே போயிருந்தால் அது முதல் உலகப் போராகத்தான் இருக்கும். முதலில் எல்லாரும் தேடுகிற இடத்தில்தான் நானும் தேடினேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்டு முதல் 1921 ஆகஸ்டு வரை இறந்தவர்கள் கணக்கில் வருவார்கள். இறந்தவர்கள் மட்டும். உயிரோடு திரும்பி வந்து நாற்று நட்டவனுக்கு அங்கே வேலையில்லை. பாஸ்ராவில் 1929இல் திறந்த நினைவுச் சின்னம் ஒன்று உண்டு, 40,000 பேருக்கு மேல் அதன் கணக்கில் வருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள், இந்திய அதிகாரிக்கும் பொறித்தார்கள், இந்தியச் சிப்பாய்க்கும் கூலிக்கும் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையை மட்டும் வெட்டினார்கள். 2021இல் ஆணையமே இதற்கு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து பஞ்சாப் வீரர்கள் சுமார் 3,20,000 பேரின் விவரம் வெளியே வந்தது. தகப்பன் பெயர், கிராமம் எல்லாம் அதில் இருக்கிறது. லண்டனில் டாக்ஸி ஓட்டுகிற பஞ்சாபி தன் கிராமத்துப் பக்கத்தைத் திறந்து பூட்டனைப் பார்த்துவிடலாம். எனக்கு அப்பன் பெயர் இனிஷியலாகச் சுருங்கிய ஒற்றைப் பெயர்தான் கையில். அந்தப் பெயரில் தஞ்சாவூர் ஜில்லாவில் தெருவுக்கு நாலு பேர்.

படித்துக்கொண்டே போனதில் விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. மெசபடோமியா என்று அன்றைக்குச் சொன்ன ஈராக்கில் 1914 நவம்பரில் இந்தியப் படை பாஸ்ராவைப் பிடித்தது. 1916 ஏப்ரலில் கூட் என்ற ஊரில் முற்றுகையில் மாட்டிப் பட்டினி கிடந்து சரணடைந்தது. அதன் பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி வந்தது. துறைமுகம் இல்லாமல், ரோடு இல்லாமல், ரயில் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் வைத்து என்ன செய்வது? கப்பலிலிருந்து சரக்கு இறக்க, கரை கட்ட, தண்டவாளம் போட இந்தியாவெங்கும் ஆள் பிடித்தார்கள். சிறைக் கைதிகளுக்குக்கூடத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்ததற்கு ஜெனரல் மாட் பெயரைச் சொல்வார்கள். அவருக்குச் சோறு போய்ச் சேர்ந்த வழியைப் போட்டவர்கள் இந்தக் கூலிகள். போர் முடிகிறவரை சென்னை மாகாணத்திலிருந்து எடுத்தவர்கள் சுமார் 51,000 சிப்பாய்கள், 41,000 சிப்பாயல்லாத வேலையாட்கள். ராதிகா சிங்கா என்ற வரலாற்றாசிரியர் 2020இல் இவர்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதுவரை இவர்களை யாரும் பெரிதாகத் தேடவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

சிப்பாய்க்குப் போர் முடிந்ததும் வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள், கூலிப்படைக்கு அதே அச்சில் வெண்கலம். இது தெரிந்தபோதுதான் பெரியவரின் மகள் வழி வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பெரியவருக்கு ஆண் வாரிசு இல்லை, ஒரே பெண். எங்களுக்கு அத்தை முறை. திருமக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. மகன், எனக்கு அத்தான், ஓட்டு வீட்டில் இரண்டு மாடும் குத்தகை நிலமுமாக இருக்கிறார்.

பதக்கம் என்றதும் அவருக்குப் புரியவில்லை. ராஜா தலை போட்ட வட்டமாக ஏதாவது என்று கையால் காட்டினேன். "அய்யனாரு காசா?" என்றவர் சாமி மாடத்திலிருந்து எடுத்துவந்தார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறு பக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஒருவன், குளம்புக்குக் கீழே கழுகுக் கேடயம், மண்டையோடு, இரண்டு ஓரத்திலும் 1914, 1918. குதிரையில் ஆள் என்றால் நம் பக்கத்தில் வேறு யார்? அத்தை அய்யனார் என்றே விபூதி பூசி வைத்திருக்கிறாள், பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். அந்தத் தேய்ப்பில் ராஜாவின் மூக்கு மழுங்கிவிட்டது. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. ஒரு நம்பர், லேபரர் என்பதன் சுருக்கம், ஓரெழுத்துப் பிழையோடு பெரியவர் பெயர், படைப்பிரிவின் பெயர். வெள்ளியாக இருந்திருந்தால் ஏதாவதொரு பஞ்சத்தில் தட்டார் கடை மூசைக்குப் போயிருக்கும். வெண்கலம் என்பதால் தப்பித்தது.

லேபரர் என்ற எழுத்தைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் சப்பென்று ஆனது நிஜம். பேத்தியிடம் துப்பாக்கியோடு ஒரு முப்பாட்டனைக் காட்ட ஆசைப்பட்டிருந்தேன். பட்டாளத்தில் இருந்தார் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்றுகூட பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கூலி வேலையானாலும் கூலி உண்டே. திரும்பி வந்தவர் அந்தப் பணத்தை என்ன செய்தார்? எனக்குத் தெரிந்த உலகத்துக்கு வந்துவிட்டேன். வில்லங்கம் கம்ப்யூட்டரில் 1975 வரைக்கும்தான் சுலபமாகப் போகும். அதற்கு முந்தி என்றால் கையெழுத்துப் புத்தகம். அட்டவணை இரண்டு வகை, ஆள் பெயர்ப்படி ஒன்று, சொத்துப்படி ஒன்று. மனுப் போட்டு, பணம் கட்டி, நகல் வாங்கினேன். 1921ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். பாமணியாற்றுப் பாசனத்தில் மூன்று மா நஞ்சை, பெரியவர் பெயரில்.

அந்த மூன்று மாவை எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் நானும் என் தம்பியும் அதில் நெல் போடுகிறோம்.

நகலில் ஒரு வரி என்னை நிறுத்தியது. பாஸ்ராவில் சர்க்கார் வேலை பார்த்துச் சம்பாதித்த சொந்த ரொக்கத்திலிருந்து கிரயத் தொகை கொடுத்ததாக அதில் கண்டிருந்தது. இது வழக்கமான வரியில்லை. விற்கிறவன் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், வாங்குகிறவன் பணம் எங்கிருந்து வந்தது என்பது தேவையே இல்லாத சங்கதி. இருந்தும் எழுதியிருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: எழுதச் சொன்னவருக்குத் தம்பிகள் மேல் சந்தேகம். எழுதிய என் முன்னோடியும் கெட்டிக்காரர்.

ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பத்தில் ஒருவன் ஆண் பிள்ளையில்லாமல் செத்தால், பிதுரார்ஜிதத்தில் அவன் பங்கு அன்றைய சட்டப்படி சகோதரர்களுக்குப் போய்விடும். குடும்பச் சொத்தின் உதவி இல்லாமல் அவனே தேடிய சுயார்ஜிதம் அப்படிப் போகாது. மனைவிக்கு, அவளுக்குப் பின் மகளுக்கு. இதை நிலைநாட்டியதே நம் பக்கத்து வழக்குதான். சிவகங்கை ஜமீன் 1829இல் இறந்த ராஜாவின் சுயார்ஜிதம், ஆகவே அண்ணன் வீட்டு வழிக்கு இல்லை, மகள் கட்டம நாச்சியாருக்கே என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் தீர்ப்புச் சொன்னது. மன்னார்குடிக் கோர்ட் வாசலில் வக்கீல் குமாஸ்தாக்கள்கூடச் சிவகங்கைக் கேஸ் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெரியவர் 1934இல் போனார். நான்கு வருஷம் கழித்து என் தாத்தாவும் அவர் தம்பியும் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டார்கள். அதில் அதே சக்குபந்தியோடு அந்த மூன்று மா பூர்வீகச் சொத்தாக, வீட்டுக்கு மூத்தவர் பெயரில் குடும்பப் பணத்தில் வாங்கியதாக வருகிறது, தாத்தா பாகத்தில் விழுகிறது. பாஸ்ரா பற்றி ஒரு எழுத்து இல்லை. அத்தைக்கு அப்போது பதின்மூன்று வயது.

பெரியவர் போருக்குப் போயிருந்தால் நிலம் அவருடையது. பரதேசம் திரிந்து வெறுங்கையோடு வந்திருந்தால் நிலம் எங்களுடையது. பரதேசிக் கதையை யார் கட்டினார்கள் என்று இனிமேல் கேட்க ஆளில்லை, ஆனால் அது வேலை செய்திருக்கிறது. கட்டியவர்கள் செத்தபின் எங்களுக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டது. மூட்டை தூக்கியது அவமானம் என்று மறைத்திருப்பார்கள், கைதிகளோடு கைதியாகப் போனான் என்ற ஊர்ப் பேச்சுக்குப் பயந்திருப்பார்கள் என்று நான் முதலில் தாத்தாவுக்காக வாதாடிப் பார்த்தேன். நகல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

தாத்தாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, காரணம் வேறு. பூர்வீகம்னு போட்டுடுங்க என்று வருகிறவர் சொன்னால் போட்டுக் கொடுத்தவன் நான். 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கும் பிதுரார்ஜிதத்தில் பங்கு என்று சட்டம் வந்த பிறகு அக்கா தங்கைகளை அழைத்துவந்து விடுதலைப் பத்திரம் எழுதுகிற கூட்டம் என் பெஞ்சில் உட்கார இடமில்லாமல் நின்றது. ஒரு தடவை ஒரு பெண், கட்டைவிரலில் மையோடு, துடைக்கத் துணி கேட்காமல் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் பந்தலடியில் போய் ஜிலேபி வாங்கிவந்தார். மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதல் இன்றியும் என்று அவளுக்காக எழுதியது என் கை. அந்த வரிக்குத் தனிக்கூலி கிடையாது, எல்லாப் பத்திரத்திலும் வருவதுதான்.

பேத்தியிடம் உள்ளபடி சொன்னேன். கூலிப்படை, துறைமுகம், வெண்கலம், பத்திரம், எல்லாம். "அப்ப அந்த லேண்ட் அவங்களோடதா தாத்தா?" என்றாள். கோர்ட்டில் கேட்டால் இல்லை. அனுபவ பாத்தியதை எப்போதோ எங்களுக்கு முதிர்ந்துவிட்டது. அவள் கோர்ட்டைக் கேட்கவில்லை.

அத்தானிடமும் நகல்களைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர், "பாட்டன் பரதேசி இல்லன்னு ஆத்தா சொல்லிக்கிட்டேதான் இருந்திச்சு மாப்ளே. யாரு கேட்டா?" என்றார். நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. காசை வாங்கிப் பார்த்து, எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார்.

பாதியாவது அவர் பெயருக்கு எழுதுவது என்று முடிவு செய்து வரைவும் தயார் செய்திருக்கிறேன். குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மெண்டுக்குச் சலுகைத் தீர்வை உண்டு. ஆனால் அத்தை மகன் அந்தச் சலுகையின் கணக்கில் குடும்பத்தில் சேர்த்தியில்லை. கிரயத்துக்கு நிகரான தீர்வைதான் கட்டவேண்டும், கட்டிக்கொள்கிறேன். பட்டா கூட்டுப் பட்டா, தம்பி கையெழுத்து வேண்டும். "நூறு வருஷத்துக்கு முந்தி எவனோ மூட்டை தூக்கினதுக்கு இப்ப நாம கூலி குடுக்கணுமா?" என்றான் முதலில். நகலைப் பார்த்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது, குறுவை அறுப்பு முடியட்டும் என்றான். அறுப்பு முடிந்து தாளடியும் நட்டாயிற்று. தைக்கு மகள் வீட்டார் வருகிறார்கள், அப்போது வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறான். பேத்தியும் வருகிறாள் என்பதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.