கோதுமை கலவாத கேக்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் இல்லங்களில் கேக்கின் மணம் கமழத் தொடங்கிவிடுகிறது. அதிரசமும் முறுக்கும் நிறைந்த தட்டில் ஒரு துண்டு கேக்கும் இல்லாவிடில் விழா நிறைவு பெற்றதாக இன்று எவரும் கருதுவதில்லை. அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்வது நம் மக்களின் நல்வழக்கம். ஆனால் அந்த ஒரு துண்டே ஒரு குழந்தையை நோயில் தள்ளிவிடக் கூடும் என்பதை நம்மில் பலர் அறியார். நானும் அதனை ஒரு குடும்பத்தின் வாயிலாகவே கண்கூடாகக் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதல் நற்கருணைக்குத் தன்னைத் தயாரித்து வந்தாள். வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, அடிக்கடி வயிற்றுவலி, முகத்தில் சோகையின் வெளுப்பு. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் மாறி மாறிக் கொடுத்தும் பயன் காணவில்லை. இறுதியில் இரத்தத்தையும் சிறுகுடலின் திசுவையும் சோதித்த மருத்துவர்கள், அவளுக்குச் ‘சீலியாக்’ என்னும் நோய் இருப்பதாகக் கூறினர்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் ‘குளூட்டன்’ என்னும் ஒருவகைப் புரதம் உண்டு. கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுவையாக நீள்வதற்கு இதுவே காரணம். சீலியாக் நோயுள்ளோர் இதனை உட்கொண்டால், உடலின் தற்காப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைத்துவிடுகிறது; உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என மதிப்பிடுகின்றனர். நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைதான் இதற்குக் காரணம் என ஐயுற்றிருந்தார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரின் கொடுமையால் அந்நாட்டில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தபோது, இந்நோயுற்ற குழந்தைகள் நலமடைந்தனர். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. தம் முடிவுகளை அவர் 1950இல் ஆய்வேடாக வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்குரிய சிகிச்சை, குளூட்டனை வாழ்நாள் முழுதும் அறவே நீக்குவதுதான்.

நம் நாட்டு உணவு இவ்வகையில் ஒரு பெரும் கொடை. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், தினைச்சோறு ஆகிய யாவும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. ஆயினும் தீங்கு ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதை மறந்துவிடுகிறோம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மாவு மில்லில் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றபின் அதே இயந்திரத்தில் நம் அரிசியை அரைத்தால், அரிசி மாவிலும் கோதுமை சேர்ந்துவிடும். இவற்றையெல்லாம் அத்தாய் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

அவரால் வெல்ல முடியாதிருந்தது மாமியாரின் பாசத்தை மட்டுமே. “ஒரு துண்டு கேக்குத்தானே, பிள்ளை ஏங்கிப் போகும்” என்று கிறிஸ்து பிறப்பு விழாவன்று பாட்டி மறைவாக ஊட்டிவிட்டார். அடுத்த நான்கு நாள்கள் சிறுமி படுக்கையை விட்டு எழவில்லை. பாட்டியின் அன்பு பொய்யன்று. ஆனால் அறிவோடு சேராத அன்பு, அன்பு செய்யப்பட்டவரையே வருத்திவிடுகிறது.

முதல் நற்கருணை விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் தாயும் பாட்டியும் என்னைக் காண வந்தனர். “சாமி, எல்லாப் பிள்ளைகளும் நன்மை வாங்கும்போது என் பிள்ளை மட்டும் ஒதுங்கி நிற்கணுமா? அரிசி மாவில் அப்பம் செய்து கொடுத்தால் ஆகாதா?” என்று தாய் கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அரிசி அப்பம் ஆகாது என்றே நான் கூற வேண்டியிருந்தது. நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 924. குளூட்டன் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் திருவருட்சாதனத்துக்குத் தகுதியற்றது எனவும், அப்பமாக உருப்பெறுவதற்குப் போதிய அளவு சிறிது குளூட்டன் உள்ள அப்பம் தகுதியானது எனவும் 2003ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விளக்கியது. 2017இல் திருவழிபாட்டுப் பேராயமும் இதனையே நினைவூட்டியது. ஆண்டவர் தம் இராவுணவில் கையில் எடுத்ததைத் தன் விருப்பப்படி மாற்றும் உரிமை தனக்கு இல்லை எனத் திருச்சபை கருதுகிறது.

ஆனால் அத்துடன் கதவு அடைபடவில்லை. அப்பம், இரசம் ஆகிய இரண்டில் ஒவ்வொன்றிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பதைத் திரெந்து பொதுச்சங்கம் 1551இல் தெளிவுபடுத்தியது. எனவே, அப்பத்தை உட்கொள்ள இயலாதோர் இரசத்தை மட்டும் உட்கொண்டு முழு நற்கருணையையும் பெறலாம். இதனை அவர்களுக்கு விளக்கினேன். அப்பத்தின் துகள் எதுவும் இடப்படாத தனிக் கிண்ணம் ஒன்றை அவளுக்கென வைப்பதாகவும் சொன்னேன். அதுவரை பேசாதிருந்த பாட்டி, “அப்போ குறைவாக ஒன்றும் வாங்கப் போவதில்லையே, சாமி?” என்று கேட்டார். “ஒன்றும் குறைவில்லை, அம்மா” என்றேன்.

அன்றே அந்த முதியவர் ஒரு முடிவுக்கு வந்தார். கோவிலில் குறைவில்லாத பிள்ளைக்கு வீட்டில் மட்டும் குறைவு எதற்கு? இலண்டனில் செவிலியராகப் பணிபுரியும் சிறுமியின் சித்தி ஒரு செய்முறையை எழுதியனுப்பினார். மாவே இல்லாமல் ஆரஞ்சும் பாதாமும் கொண்டு செய்யும் கேக் அது. அதன் வரலாறு எனக்கு வியப்பூட்டியது. ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் போற்றிக் காத்த பலகாரம் இது. கெய்ரோவில் பிறந்த கிளாடியா ரோடன் 1968இல் வெளியிட்ட மத்தியகிழக்கு உணவு நூலில் இதனைப் பதிவு செய்தார். பாஸ்கா நாள்களில் புளிப்பேறக்கூடிய மாவை விலக்கும் மக்கள், அதற்கு ஈடாகப் பருப்புகளை அரைத்துப் பயன்படுத்தினர்.

செய்முறை எளிது. பெரிய ஆரஞ்சுப் பழங்கள் இரண்டைத் தோலோடு முழுதாக இரண்டு மணி நேரம் நீரில் வேகவைத்து, ஆறியபின் விதைகளை மட்டும் நீக்கித் தோலோடு விழுதாக அரைக்கவேண்டும். ஆறு முட்டைகளை நன்கு அடித்து, 250 கிராம் சர்க்கரை, 250 கிராம் பாதாம் தூள், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத்த விழுது ஆகியவற்றைச் சேர்த்துக் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். குளூட்டன் செய்யும் வேலையை இங்கே முட்டை செய்கிறது. சூட்டில் இறுகிக் கேக்கைத் தாங்கி நிற்கிறது. தோலும் பருப்பின் எண்ணெயும் ஈரம் காக்கின்றன. பாதாமின் விலை தாளாதோர் முந்திரியைப் பயன்படுத்தலாம். ஒரு கரண்டி சர்க்கரையோடு விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் கக்காமல் தூளாகும்.

பழத்தை அரைமணி நேரமே வேகவைத்ததால் முதல்முறை கேக் கசந்தது. பாட்டி மனம் தளரவில்லை. மைதா தூவிப் பழகிய பழைய தட்டை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கினார். பேக்கிங் பவுடரின் உறையில் கோதுமை உண்டா எனப் பேரப்பிள்ளையையே படிக்கச் செய்தார். வழக்கம்போல் பேக்கரிக்குக் கொடுத்து வேகவைக்கவும் மறுத்துவிட்டார். அங்கே மைதாவின் தூசி படியாத இடம் ஏது?

முதல் நற்கருணை நாளன்று சிறுமி தன் தோழியரோடு வரிசையில் வந்து, தனக்குரிய கிண்ணத்திலிருந்து பருகினாள். மாலையில் அவ்வீட்டுக்குச் சென்றேன். அவளுக்கெனத் தனித்தட்டு எதுவும் அங்கு இல்லை. ஒரே கேக், வந்திருந்த அனைவருக்கும் அதுவே. பாட்டி தம் கையால் வெட்டி முதல் துண்டை அவளிடம் எல்லார் முன்னிலையிலும் கொடுத்தார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, திருச்சபை தன் பீடத்தில் அப்பத்தை மாற்ற இயலாது. எனினும் அச்சிறுமிக்கு ஒரு வழியைக் கண்டது. நம் அடுப்படியிலோ எல்லாவற்றையும் மாற்ற நமக்கு உரிமை உண்டு. அப்படியிருக்க, ஒரு பிள்ளையை ஏன் விலக்கி நிறுத்தவேண்டும்? ஆண்டவரின் விருந்தில் சிலர் உண்டு நிறைய, சிலர் பசித்திருந்ததற்காகவே பவுல் அடிகளார் கொரிந்தியரைக் கடிந்துகொண்டார். விருந்துக்கு அழைக்கும்போது, “உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஆகாத உணவு உண்டா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பங்குத் திருவிழா அசனத்தில் சாம்பாருக்குப் பெருங்காயம் இடுமுன் உறையைப் படியுங்கள். உங்கள் பிள்ளைகளில் எவருக்கேனும் நீங்காத வயிற்றுவலியும் சோகையும் இருப்பின், கோதுமையை நீங்களாகவே நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போய்விடும். நற்கருணை பெறுவதில் இத்தகைய இடர் உடையோர் தயங்காமல் தம் பங்குத் தந்தையிடம் வந்து பேசட்டும்.