தளிர் பார்க்கிற வேலை

பீங்கான் ஜாடியில் செடி வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விருத்தாசலத்தில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்வது ஊர்த் துரோகம் என்று தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சூளையில் ஓரம் கோணியது, கிளேஸ் ஓரிடத்தில் பிடிக்காமல் விட்டது, கழுத்தில் மயிரிழை விரிசல் கண்டது என்று தேறாத சரக்கு இங்கே சல்லிசாகக் கிடைக்கும். யாராவது புதுவீடு புகுந்தால் அதில் ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, ஒரு மணி பிளான்ட்டைச் சொருகிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிக்கொண்டவர் அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்றாம் மாதம் வேர் அழுகுகிறது.

மண்தொட்டி 1,000 டிகிரிக்குள் வெந்தது. அதன் உடம்பெல்லாம் நுண்துளை. குடித்த தண்ணீரில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் கசியவிட்டுக் காற்றுக்குக் கொடுத்துவிடும். பீங்கான் 1,200 டிகிரியைத் தாண்டி வேகிறது. அந்தச் சூட்டில் மண்ணில் ஒரு பாகம் உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே கிளேஸ் வேறு. எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. வேருக்கு அது சிறை.

இவ்வளவும் பேசுகிற என் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு பீங்கான் ஜாடியில் வன்னிக்கன்று நிற்கிறது. பேத்தி வைத்தது. எங்கிருந்தோ ஒரு நெற்றைக் கொண்டுவந்து, விதையை வெந்நீரில் ஊறப்போட்டு முளைக்க வைத்துவிட்டாள். பேத்தியின் ஜாடியைத் தூக்கி எறியும் தாத்தா இன்னும் பிறக்கவில்லை. மேலே பார்த்தால் ஒரு சாண் உயரம்கூட இல்லை. நாலு இணுக்கு இலை, அதற்குள் முள். ஜாடியை நகர்த்தலாம் என்று போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அசையவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிட்டிருக்கிறது.

வன்னியின் சுபாவம் அது. தலை காட்டுவதற்கு முன்னால் கால் ஊன்றிக்கொள்ளும். ராஜஸ்தானில் கேஜ்ரி என்று பெயர். அந்த மாநிலத்தின் மரமே அதுதான். மழை பெய்யாத மண்ணில் ஆணிவேரை எங்கோ ஆழத்துக்கு அனுப்பித் தண்ணீர் தேடிக்கொள்ளும். அவரை, துவரையின் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் சத்து சேர்க்கும். அங்கே கம்பு வயலின் நடுவில் இதை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். 1730-ல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் கேஜ்ரி வெட்ட வந்தபோது, மரத்தைக் கட்டிக்கொண்டு 363 பிஷ்னோய்கள் உயிர்விட்ட கதையும் இந்த மரத்தின் கதைதான்.

எங்கள் ஊரில் வன்னி பழமலைநாதர் கோயிலின் தலமரம். அதற்கும் ஒரு கதை உண்டு. ரத்தம் சிந்தாத கதை, கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற கதை. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தார். கூலி கொடுக்கக் காசில்லை. சாயங்காலமானதும் வேலையாட்களுக்கு வன்னி இலையை உருவிக் கொடுத்தார். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி இலை பொன்னாக மாறியதாம். கல் தூக்கியவனுக்கு நிறைய, நிழலில் உட்கார்ந்தவனுக்குக் கொஞ்சம், ஏமாற்றியவனுக்கு வெறும் இலை. மேஸ்திரி இல்லை, மஸ்டர் ரோல் இல்லை, தகராறு இல்லை.

இந்த ஊர்க் கதைகளுக்கே பொன்னில் ஒரு கறார் உண்டு. சுந்தரர் இங்கே சிவனிடம் 12,000 பொன்னைப் பெற்று மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது எல்லாரும் அறிந்தது. போடும்போதே மாற்றுப் பார்ப்பதற்கென்று ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருவாரூரில் எடுத்த பொன்னை உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. பிறகுதான் சரியானது. கொடுத்தவன் தோழனே ஆனாலும், கடவுளே ஆனாலும், உரைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பீங்கான் பட்டறைகளில் அகலுக்கு இவ்வளவு, பொம்மைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வன்னி மரத்தின் இந்த நீதி எனக்கும் ரொம்ப நாள் பிடித்திருந்தது. பின்னால் தோட்டத்தில் கை வைத்த பிறகு சந்தேகம் வந்தது. மாடாய் உழைத்த பாத்தியில் புல் முளைக்கும். எச்சில் கையோடு எறிந்த பூசணி விதை கூரை ஏறும். வேலைக்குத் தக்க இலை கொடுக்கிற மரம் கோயிலுக்குள் இருக்கிறது. வெளியே அந்த இனம் பரவவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டு பைக் நிறுத்துகிறார்கள். வர்தாவில் 1937-ல் காந்தி பேசிய ஆதாரக் கல்வியின் மிச்சம் மீதி அந்தத் தோட்டப் பீரியடாக எங்கள் காலம் வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. தக்ளி சொல்லிக்கொடுத்த கிராஃப்ட் சாரே தோட்டத்துக்கும் சார். வகுப்புக்கு ஒரு பாத்தி. எங்களுடையது அவரைக்காய்ப் பாத்தி.

அவரைக்கொட்டை ஊன்றிய மறுநாளே நாங்கள் தோண்டிப் பார்த்துவிடுவோம். முளைத்துவிட்டதா, இல்லையா? முளை வந்திருந்தால் ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பப் புதைப்போம். சார் அடிக்கிற ஆள் இல்லை. எட்ட நின்று, "அதுக்குத் தெரியும்டா எப்ப வரணும்னு. நீ மேல பாரு, கீழ பாக்காத" என்பார். மேலே பார்த்தால் மண்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பது பத்து வயதில் எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இல்லை, தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ.

ரொம்ப வருஷம் கழித்து, 1931 அக்டோபரில் லண்டன் சாத்தம் ஹவுஸில் காந்தி பேசியதைப் படிக்கையில் அந்தப் பாத்தி கண்ணில் வந்து நின்றது. ஐம்பது, நூறு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறியாதவர் அதிகம் என்றார் காந்தி. வெள்ளைக்காரர்கள் மண்ணைக் கிளறி வேரைப் பார்த்தார்கள், பார்த்ததோடு அப்படியே விட்டுவிட்டார்கள், அழகிய மரம் பட்டுப்போயிற்று என்பது அவர் சொன்ன கணக்கு. பிலிப் ஹார்டாக் என்பவர் ஆதாரம் எங்கே என்று விடாமல் கடிதம் போட்டுக் கேட்டார். ஐம்பது வருஷம் கழித்து தரம்பால், காந்தியின் ‘அழகிய மரம்’ என்ற சொற்களையே தலைப்பாக வைத்து 1983-ல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அதில் பெரும்பகுதி நம்முடைய சென்னை ராஜதானிக் கணக்கு. 1822-ல் கவர்னர் மன்றோ, எந்தெந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம் என்று கலெக்டர்களைக் கேட்டு வாங்கியது. மொத்தம் 12,498 பள்ளிகள். தென்னார்க்காட்டுத் திண்ணைகளும் அந்த எண்ணுக்குள்ளேதான் இருக்கின்றன.

அந்த மரத்தின் நிழல் எல்லார்மேலும் விழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் குழந்தைகள் அந்தப் பட்டியலில் மிகச் சொற்பம். சேரிக்குள் திண்ணைப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகவே மரம் பட்டுப்போனதற்காக நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். காந்தி சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் என்னை விடவில்லை: தோண்டிப் பார்ப்பது. இப்போதைய பள்ளிக்கூடங்கள் வாரா வாரம் தோண்டுகின்றன. வாரத் தேர்வு, மாதத் தேர்வு, பெற்றோர் போனுக்கு மார்க். முளையைப் பார்த்து ஒரு கூச்சல், திரும்பப் புதைத்தல்.

மேலே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நான் அறிந்த நல்ல சாட்சி உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. தளிர் பார்த்த கதை. அதை எத்தனையாவது தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

1871. சாமிநாதனுக்குப் பதினாறு வயது. மாயூரத்துக்கு வந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கனாகச் சேர்ந்தாயிற்று. ஆனால் பாடம் சொல்வது பிள்ளை அல்ல. அவருடைய மாணாக்கர் சவேரிநாத பிள்ளை. நல்ல மனிதர், அன்பாகத்தான் சொல்கிறார். இருந்தாலும் சமுத்திரத்தைத் தேடி வந்தவனுக்குக் கிணற்றில் குளித்தால் ஆறுமா? பெரியவரிடம் நேரே போய்க் கேட்கவும் பயம்.

பையன் கவனித்துப் பார்க்கிறான். பிள்ளைக்குத் தோட்டத்தில் பிரியம். வீட்டுக்குப் பின்னால் மரம் செடிகள் நட்டு வைத்திருந்தார். விடிந்ததும் முதல் வேலை அங்கே போவது. நட்டது பிடித்துக்கொண்டதா, எங்கேயாவது தளிர் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு தளிர் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு முகமே வேறு.

அவ்வளவுதான், பையனுக்கு வழி கிடைத்துவிட்டது. பிள்ளை எழுந்திருக்கும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவான். எந்தச் செடியில் எந்தக் கிளையில் புதுத் தளிர் என்று பார்த்து வைத்துக்கொள்வான். அவர் வரும்போது பக்கத்திலேயே போய், இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டுவான். பிள்ளைக்கு ஆனந்தம். மறுநாளும் தளிர். அதற்கு மறுநாளும் தளிர். நாளடைவில் அவரே அவனைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இப்படியாகப் பயம் தெளிந்து, ஒரு நாள் பையன் வாயைத் திறந்து, ஐயாவிடமே பாடம் கேட்க வேண்டும் என்றான். பிள்ளை தாம் பாடிய திருக்குடந்தைத் திரிபந்தாதியில் பாடம் தொடங்கினார். சங்க நூல்களை ஏட்டிலிருந்து மீட்டுக் கொடுத்த கண், முதலில் பழகியது ஒரு கொல்லைப்புறத்து இளந்தளிரில். இருட்டு பிரியாத நேரத்தில், பழைய இலைகளுக்கு நடுவில் புதியது எது என்று கண்டுபிடித்தவனுக்கு, செல்லரித்த ஓலையில் பாடபேதம் பிடிபட்டது ஆச்சரியமா?

பிள்ளைக்குப் பையனுடைய தந்திரம் தெரியாதா? தெரியாமல் எப்படி இருக்கும்! வாத்தியாருக்கு முன்னால் மாணாக்கன் போடுகிற எந்த வேஷமும் செல்லாது. எவன் எதற்காகக் குழைகிறான் என்று நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். தெரிந்தும் விட்டிருக்கிறார். எத்தனை நாள் பொறுமையாகப் பார்க்கிறான் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் ஊகம். செடியைப் பையன் பார்க்க, பையனை அவர் பார்க்க, இரண்டு பேரும் எதையும் தோண்டவில்லை.

இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு நூல் ஓடுகிறது. மாயூரம் போவதற்கு முன்னால் சாமிநாதனுக்கு யாப்பருங்கலக்காரிகை சொல்லிக்கொடுத்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். ஆள் பெரம்பலூர்ப் பக்கம், பெயர் மட்டும் எங்கள் பழமலைநாதருடையது. தென்னார்க்காட்டிலும் அதைச் சுற்றியும் குழந்தைக்கு விருத்தாசலம் என்று பெயர் வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த இன்னொரு விருத்தாசலம், பின்னாளில் புதுமைப்பித்தனாகி ஊரையே கேலி பண்ணினான். ரெட்டியார் அவ்வளவு சேட்டைக்காரர் இல்லை. தமிழில் மூழ்கிய பெரிய குடும்பஸ்தர். படிக்க வந்த பையனின் குடும்பமே அந்த ஊரில் தங்க வசதி செய்து கொடுத்து, இலக்கணம் சொன்னார். தம்மிடம் இருப்பதைச் சொல்லி முடித்தபின், இனி இவன் போக வேண்டிய இடம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் என்று வழிகாட்டினார்.

எங்கள் ஊர் ஆராய்ச்சிப் பண்ணையில் முந்திரி ஒட்டுக்கன்று வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு ரெட்டியார் ஞாபகம்தான். நாற்றங்கால்காரன் எந்தக் கன்றையும் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. பிடித்துக்கொண்டது என்று தெரிந்த அன்றே அது அடுத்தவன் கொல்லைக்குப் போய்விடும். காய்க்கிறபோது பேர் கொல்லைக்காரனுக்கு. சாமிநாதையரைச் சொன்னால் பிள்ளையைச் சொல்வார்கள். பிள்ளை வரைக்கும் போனவர்கள் ரெட்டியார் வரைக்கும் போவதில்லை.

அவருக்குக் கூலி வராமல் போய்விடவில்லை. 1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடராக வரத் தொடங்கியபோது ஐயருக்கு வயது எண்பத்து நாலு. காரிகை கேட்ட நாட்களை நேற்று நடந்ததுபோல எழுதினார். ரெட்டியாரின் வீடு, ரெட்டியாரின் பேச்சு, ரெட்டியாரின் பிரியம், ஒன்றும் விடவில்லை. விபசித்து முனிவரின் இலை அன்று சாயங்காலமே பொன்னாயிற்று. இந்த இலை பொன்னாவதற்குச் சுமார் எழுபது வருஷம் பிடித்தது. மாற்றுக் குறையவில்லை. வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கடன் திரும்பவில்லை, களவு போயிற்று, பங்காளி ஏமாற்றிவிட்டான் என்று எந்தக் குறையானாலும் தாளில் பிராது எழுதி அங்கே கட்டலாம். முருகன் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வான் என்று இந்தப் பக்கத்து நம்பிக்கை. செய்த வேலைக்குக் கூலி தாமதமாகிறது என்று எந்த வாத்தியாரும் அங்கே பிராது கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சம்பளப் பாக்கிக்குக் கட்டியிருப்பார்கள். அது வேறு கணக்கு.