காய்கறித் தீவில் ஒரு கோடைப் பகல்

அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) கிளம்பும் கப்பல் இரண்டு மணி நேரத்தில் ஷஹீத் தீவின் படகுத்துறையைத் தொடுகிறது. இறங்குகிறவர்கள் கடற்கரையைத் தேடி விரைகிறார்கள். எதிர்த் திசையில் படகுத்துறைக்கு வருகின்றன காய்கறி மூட்டைகள். தலைநகரின் சமையலறைகளுக்குப் போக வேண்டிய கத்தரி, பூசணி, பாகல்.

‘அந்தமானின் காய்கறிக் கூடை’ என்று பெயர் வாங்கிய இந்தத் தீவில் 2011 கணக்குப்படி சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். வாடகை சைக்கிள் போதும். படகுத்துறையிலிருந்து கிழக்கு முனையான சீதாபூர் ஐந்தே கிலோமீட்டர். வழி நெடுகத் தென்னை, கமுகு நிழல். கடைத்தெருவில் வங்காளப் பேச்சு. தேநீரோடு வரும் ஷிங்காரா, நம்மூர் சமோசாவின் வங்காளத்து உறவு.

இந்த அமைதிக்குப் பொருந்தாத பெயர் ஒன்று இதன் மேல் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது: நீல் தீவு. 1857 கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய, மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் கர்னல் நீலின் பெயர். தமிழர்களுக்கு அவர் அந்நியரல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலை அம்மாள் சிறை சென்றார். 1937இல் ராஜாஜி அரசு சிலையை அங்கிருந்து எடுத்தது. தீவுக்கு விடுதலை கிடைக்க மேலும் 81 ஆண்டுகள் ஆயின. நேதாஜி 1943இல் அந்தமானுக்குச் சூட்டிய ‘ஷஹீத்’ என்ற பெயர், 2018 டிசம்பர் 30 அன்று இந்தத் தீவுக்கு வந்தது.

ஆனால் இங்கே வழி கேட்டால் காதில் விழுவது வேறு பெயர்கள்: ராம்நகர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர். 1960களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். காட்டை வெட்டி வயலாக்கினார்கள். ஊர் இழந்து காட்டுக்கு வந்தவர்களின் கிராமங்களுக்கு ராமாயணப் பெயர்கள் பொருத்தம்தான்.

கடல் உள்வாங்கும் நேரத்தில் லக்ஷ்மண்பூர் பாறைக்கரையில் நடக்கலாம். குட்டைகளில் சிறு மீன்கள். எதிரே அலை குடைந்த பாறை வளைவு. உள்ளூரில் அதற்கு ‘ஹவுரா பாலம்’ என்று பெயர். விட்டு வந்த வங்காளத்தை இப்படியும் கொண்டுவர முடிகிறது.

இப்போது சோதனை வேறு பக்கத்திலிருந்து. தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே விடுதிகள் எழுகின்றன. மழை பொய்க்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பாத்திக்கும் குளியலறைக்கும் தண்ணீர் ஒரே நிலத்தடியிலிருந்துதான் வரவேண்டும். சுற்றுலாப் பருவமும் அதே மாதங்களில்தான். கத்தரி விற்ற காசையும் அறை வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இளைய தலைமுறைக்குக் கணக்குத் தெரியும். ஆனால் பாத்திகள் அறைகளாகிவிட்டால், விருந்தாளியின் தட்டுக்கும் காய்கறி கப்பலில்தான் வரவேண்டியிருக்கும்.

இந்திய நேரத்தில் சூரியன் இங்கே சீக்கிரம் வேலை முடிக்கிறது. சித்திரையிலும் ஐந்தரை மணி சுமாருக்கு லக்ஷ்மண்பூர் கடலில் இறங்கிவிடுகிறது. பார்க்க வந்தவர்கள் காமிராவை மூடிக்கொண்டு அறைக்குத் திரும்புகிறார்கள். வயலோர வீடுகளில் நாளைய கப்பலுக்கு மூட்டை கட்டுகிறார்கள்.