ஆயிரம் ஓடுகளும் ஒரு திருத்தமும்

கடந்த ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் நான் வைத்திருந்த சிறு ரயில் நிலைய மாதிரியின் ஒளிப்படத்தை நண்பர்கள் சிலர் கட்டுரைகளிலும் வகுப்பறைக் காட்சிவில்லைகளிலும் பயன்படுத்தி வருகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்த மாதிரியின் கூரை தவறானது. தவறு முழுவதும் என்னுடையது. அது எப்படி நேர்ந்தது, எப்படித் தெரியவந்தது என்பதைப் பதிவுசெய்வது என் கடமை.

பெங்களூரிலிருந்து சிக்கபள்ளாபுரத்துக்கு 1915இல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறும்பாதை திறக்கப்பட்டது. பின்னாளில் அது அகலப்பாதையாக மாறிவிட்டது. எனினும் தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய இடங்களில் பழைய நிலையக் கட்டடங்கள் எஞ்சியுள்ளன. அவற்றைப் பாதுகாக்கும் பணியை இன்டாக் அமைப்பின் பெங்களூர்க் கிளை மேற்கொண்டது. என் ஆய்வும் இத்தகைய சிறு இருப்புப்பாதைகளைப் பற்றியதே. அந்தக் கட்டடங்களின் சாயலில் ஒரு நிலையத்தை 1:87 அளவில் செய்ய முனைந்தேன். அந்த அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 762 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வரும். அந்த அகலத்தில் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கும்.

சுவரும் சன்னலும் எளிதாகவே அமைந்தன. கூரைதான் சிக்கல். மாதிரிக் கட்டடங்களுக்கென விற்கும் பிளாஸ்டிக் தகடுகள் பெரும்பாலும் மேலைநாட்டுக் கூரைகளைப் போல வார்க்கப்பட்டவை: பலகைக்கல், வளைவோடு, அமெரிக்காவின் ‘சிங்கிள்’ எனும் மரச் சில்லு. மங்களூர் ஓட்டுக்குப் பொருந்தும் தகடு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தாளில் நானே செய்துகொள்ளத் தீர்மானித்தேன். மங்களூர் ஓட்டின் வழக்கமான அளவுகளுள் ஒன்று 410 மில்லிமீட்டர் நீளமும் 235 மில்லிமீட்டர் அகலமும். ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியைக் கழித்தால் வெளியே தெரிவது சுமார் 350க்கு 210. மாதிரியில் அது 4 மில்லிமீட்டருக்கு 2.4. தடிமனையும் அதே விகிதத்தில் குறைத்தால் அச்சுத்தாளின் தடிமன்தான் வருகிறது. இருபுறச் சரிவுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் ஓடுகள் வேண்டியிருந்தன.

ஒட்டும் முறையை ஓர் அமெரிக்கக் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். தாளை நீண்ட பட்டைகளாக வெட்டி, ஓரத்தில் கீறல்கள் இட்டு, இறவாணத்திலிருந்து முகடு நோக்கி வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து அரைச் சில்லு தள்ளி அமைக்க வேண்டும். அது சிங்கிளுக்கான முறை. ஓட்டுக்கும் அதுவே பொருந்தும் என எண்ணிவிட்டேன். மூன்று வாரம் உழைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

மல்லேசுவரத்தில் நான் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டில், மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர் மேசைமேல் இருந்த மாதிரியைக் குனிந்து பார்த்தார்.

“அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா செங்கல் சுவர் மாதிரி மாத்தி மாத்தி வெச்சிருக்கீங்களே. இப்படி வேய்ஞ்சா ஒண்ணுவிட்டு ஒரு வரிசைக்கு ரெண்டு ஓரத்துலயும் ஓட்டைப் பாதியா வெட்டணும். யாரு வெட்டுறது?”

“நீங்க எப்படிண்ணே வெப்பீங்க?”

“கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே கோடு.”

முற்றத்தில் கிடந்த இரண்டு ஓடுகளைச் சேர்த்து வைத்து, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஓட்டின் ஒரு விளிம்பில் பள்ளம். அடுத்த ஓட்டின் விளிம்பு அதன்மேல் அமர்கிறது. இடுக்கில் இறங்கிய நீர் பள்ளத்தின் வழியே ஓடிக் கீழே வடிந்தது. சிங்கிளுக்கு அத்தகைய பள்ளம் இல்லை. இரண்டு சில்லுகளுக்கு நடுவே இறங்கும் நீரைக் கீழ்வரிசைச் சில்லின் உடல் தாங்க வேண்டும். அதனால்தான் அரைச் சில்லு தள்ளி வைக்கிறார்கள். நான் ஓட்டுக்குத் தந்திருந்த ஒழுங்கு, ஓட்டுக்குத் தேவைப்படாத ஒரு பாதுகாப்பு.

இவ்வகை ஓட்டுக்கும் ஒரு நெடும் பயணம் உண்டு. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்கு அல்சாசைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் 1841இல் காப்புரிமை பெற்றார்கள். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பிரான்சில் இவ்வோட்டை அரை ஓடு தள்ளி வேயும் வழக்கமும் இருக்கிறது. அதற்கென அரை ஓடுகளையே தனியாகச் செய்வார்கள். ஆக, என் கூரை உலகில் எங்குமே இல்லாத கூரை அன்று. அன்று மாலை மல்லேசுவரத்துத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். எஞ்சியிருந்த ஓட்டு வீடுகளில் எல்லாம் இறவாணம் முதல் முகடு வரை நேர்கோடுகள். என் களப்பணிப் படங்களிலும் அவையே இருந்தன. நூறு முறை பார்த்த படங்கள் அவை.

இதை நானே சிரித்து மறந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் ஓர் இளநிலை ஆய்வாளர் தம் இயல் ஒன்றைப் படிக்கத் தந்தார். ஓடுகள் வரிசைக்கு வரிசை இடம்மாறி வேயப்பட்டிருந்தன என்று அதில் ஒரு வாக்கியம். சான்று, என் மாதிரியின் படம். அவர்மீது பிழை சொல்ல இயலாது. துறையின் கருத்தரங்கில் வைக்கப்பட்ட ஒன்றை அவர் நம்பினார். எழுத்தில் நமக்குத் தெரியாத இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம். மாதிரியில் அது முடியாது. கூரையைப் பாதி வேய்ந்து நிறுத்த இயலுமா? எனவே தெரியாத இடத்திலும் ஏதோ ஒன்றை ஒட்டுகிறோம். காய்ந்தபின் அளந்ததும் ஊகித்ததும் ஒரே நிறத்தில் தெரிகின்றன.

வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திப் பசையை இளக்கிக் கூரையைப் பிரித்தேன். புதிய பட்டைகளில் மழுங்கிய ஊசியால் ஒவ்வோர் ஓட்டுக்கும் இரு பள்ளங்கள் அழுத்தி, கோடு பிசகாமல் ஒட்டினேன். முன்பு கூரை முழுவதற்கும் ஒரே சிவப்பைப் பூசியிருந்தேன். இப்போது பழைய ஓடுகளைக் கருக்க வைத்து, நடுவே பத்துப் பன்னிரண்டை மட்டும் செக்கச் சிவக்க விட்டிருக்கிறேன். ஆண்டுதோறும் யாரோ ஏறி மாற்றியவை அவை.

அடித்தளத்தின் கீழே ஒரு தாளும் ஒட்டியுள்ளேன். எவை அளந்தவை, எவை படத்திலிருந்து கணித்தவை, எவை ஊகம் என்று அதில் மூன்று பத்திகள். ஊகப் பத்திதான் நீளமானது. புதிய படங்களையும் அந்தத் தாளின் படத்தையும் இப்பதிவுடன் இணைத்திருக்கிறேன். பழைய படத்தைப் பயன்படுத்தியவர்கள் அன்புகூர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அந்தத் தாளையும் சேர்த்தே வெளியிடுங்கள்.