ஒரு டிஸ்கில் எத்தனை எபிசோடு?



இரவுப் பள்ளி நடத்தும் தம்பிகள், தங்கைகள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "அண்ணா, சம்விதான் தொடரை டிவிடியில் போட எந்த செட்டிங் வைக்கணும்? பத்து எபிசோடையும் ஒரே டிஸ்கில் அடக்க முடியாதா?" போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சியாம் பெனகல் இயக்கிய தொடர் அது. இந்திய அரசியலமைப்புச் சட்டம் உருவான கதை, பத்துப் பகுதிகள். 2014 மார்ச் 2 அன்று தொடங்கி ராஜ்யசபா டிவியில் ஒளிபரப்பானது. அண்ணலாக நடித்தவர் சச்சின் கேடேகர். நாடாளுமன்றச் சேனல் என்பதால் நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எங்கள் காலனிக்கு வரும் கேபிளில் அந்தச் சேனலே கிடையாது. வேறு இடத்தில் டிடிஎச் பெட்டி வைத்திருந்த நண்பர் வீட்டில் உட்கார்ந்து, பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை ஒரு கேப்ச்சர் கருவி வழியாகக் கணினியில் கொடுத்துப் பதிவு செய்தோம்.

பென் டிரைவ் போதாதா, ஏன் டிஸ்க் என்று கேட்பீர்கள். எங்கள் சமுதாயக் கூடத்தில் இருப்பது 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி. 14 இன்ச், குண்டுக் கண்ணாடி. அதில் யுஎஸ்பி ஓட்டை இல்லை. பக்கத்தில் ஒரு பழைய டிவிடி பிளேயர், அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு. கூடத்துக்கென்று ஒரு பென் டிரைவ் வாங்கி வைத்தால், ஒரே வாரத்தில் யாராவது அதில் புதுப் படம் ஏற்றியிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பொங்கல் நேரம். ஆனால் டிவிடி-ஆரில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது. இதற்காகவே எனக்கு டிஸ்க் பிடிக்கும்.

இனி கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைத் தாண்டி ஓடாதீர்கள். இது ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான்.

டிஸ்கின் மேல் 4.7 ஜிபி என்று எழுதியிருக்கும். கணினி அதையே சுமார் 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒருவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், இன்னொருவர் 1024-ஆல் எண்ணுகிறார். 470 கோடி பைட்டை எட்டால் பெருக்கினால் 3 கோடியே 76 லட்சம் கிலோபிட். மெனு, படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் செலவு ஆகியவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 3 கோடியே 60 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையிருப்பு இவ்வளவுதான். இதை எத்தனை நொடிக்குப் பங்கிடுகிறீர்கள் என்பதே பிட்ரேட்.

ஒரு எபிசோடு ஒரு மணி நேரம் என்று கொள்வோம். இரண்டு எபிசோடு போட்டால் 7200 நொடி. வகுத்தால் நொடிக்கு 5000 கிலோபிட். மூன்று போட்டால் 3333. நான்கு போட்டால் 2500. பத்தும் போட்டால் ஆயிரம். பழைய விசிடியில் படத்துக்கு மட்டுமே 1150 உண்டு, அதுவும் 352-க்கு 288 என்ற சின்னப் படத்துக்கு. ஆகவே ஒரே டிஸ்கில் பத்தும் வேண்டும் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

நான் எடுத்த முடிவு: டிஸ்குக்கு இரண்டு எபிசோடு, மொத்தம் ஐந்து டிஸ்க். டிவிடி பிளேயருக்குப் புரிவது எம்பெக்-2. நம் நாட்டு முறை பிஏஎல் என்பதால் அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 ப்ரேம். காசில்லை, மூன்று எபிசோடு போட்டே ஆக வேண்டும் என்றால் அகலத்தைப் பாதியாக்கி 352-க்கு 576 என்று வையுங்கள். டிவிடி விதி இதை அனுமதிக்கிறது. குறைந்த பிட்ரேட்டில் முழு அகலம் வைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அரை அகலத்தில் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவே. 14 இன்ச் டிவியில் மழுங்கலை யாரும் கவனிக்க மாட்டார்கள், கட்டத்தைச் சின்னப் பிள்ளைகூடக் காட்டிக் கொடுக்கும்.

எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் பிஏஎல் டிவிடி என்ற தயார் இலக்கு உண்டு. அதை அப்படியே விட்டால் படத்துக்கு 6000, ஒலிக்கு 448 என்று அதுவாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு 5.8 ஜிபி ஆகிவிடும், டிஸ்கில் ஏறாது. எண்களை நீங்களே கொடுங்கள். சராசரி 4500, உச்சம் 7500. டிவிடி விதிப்படி படத்துக்கு 9800 வரை போகலாம்தான். ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்கை, லென்சில் தூசி படிந்த பழைய பிளேயர் அந்த வேகத்தில் படிக்கும்போது திக்கும். விறுவிறுப்பான இடத்தில் படம் நின்றால் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். திரும்ப உட்கார வைப்பது உங்களுக்கே தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று.

டூ-பாஸ் கட்டாயம் வையுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். முதல் ஓட்டத்தில் மென்பொருள் எந்தக் காட்சி கடினம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறது, இரண்டாவது ஓட்டத்தில் அதற்கேற்பப் பங்கிடுகிறது. இந்தத் தொடரில் பெரும்பகுதி அவையில் ஒருவர் நின்று பேசுவதுதான். அதற்குக் குறைவான பிட் போதும். மிச்சமாவது கூட்டம் அசையும் காட்சிகளுக்குப் போகும். எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதை விடத் தேவைப்படுகிறவருக்குக் கூடுதலாகக் கொடு என்பதுதான் இதன் தத்துவம். இட ஒதுக்கீட்டை எதிர்த்து என்னோடு மணிக்கணக்காக வாதாடும் ஒரு கணினி நண்பர் எப்போதும் டூ-பாஸ்தான் வைப்பார். சிரித்துக்கொள்வேன்.

அடுத்தது இன்டர்லேஸ். பெட்டியிலிருந்து பதிவு செய்த படம் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று வரும். கணினியில் பார்த்தால் கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரித் தெரியும். உடனே டீஇன்டர்லேஸ் போடாதீர்கள். குண்டு டிவி அந்த முறைக்கென்றே செய்யப்பட்டது. இன்டர்லேஸாகவே விட்டால் அதில் அசைவு வழவழவென்று இருக்கும். எந்த வரி முதலில் என்பதைப் பதிவில் இருந்தபடியே மென்பொருளுக்குச் சொன்னால் போதும். மாற்றிச் சொன்னால் நடக்கிறவர் முன்னும் பின்னும் உதறுவார். ஹேண்ட்பிரேக்கில் இதையெல்லாம் தேடாதீர்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது டிவிடி-வீடியோ செய்து தராது.

படத்தின் விகிதம் பற்றி ஒன்று. 720-க்கு 576 என்ற ஒரே அளவுதான் 4:3-க்கும் 16:9-க்கும். எது என்று ஒரு சின்னக் குறிதான் பிளேயருக்குச் சொல்லும். வேறொரு நண்பர் கொடுத்த 16:9 டிஸ்கைக் கூடத்தில் போட்டபோது முன்வரிசை ஆயா கேட்டார்: "என்னா தம்பி, எல்லாரு மூஞ்சியும் இழுத்து வச்ச மாதிரி கெடக்கு?" பிளேயரின் அமைப்பில் டிவி வகையை 4:3 எல்பி என்று மாற்றியதும் சரியானது. எங்கள் பதிவு 4:3, அப்படியே குறித்தேன். அண்ணல் முகம் நீண்டோ நசுங்கியோ தெரியும் டிஸ்கை நம் கூடத்தில் ஓட விடக் கூடாது.

இவ்வளவும் படம் பற்றி. உண்மையில் நான் அதிக நாள் செலவழித்தது ஒலியில்.

தொடர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓடுகிறது. நம் கூடத்தில் அம்மாக்கள், ஆயாக்கள், களை எடுத்துவிட்டு வந்து உட்காரும் அக்காக்கள். பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் புரியாத மொழியில் அவர்களுடைய உரிமையைக் காட்டி என்ன பயன்? டிவிடியில் எட்டு ஒலித்தடம் வரை வைக்கலாம். முதல் தடத்தில் தமிழ், இரண்டாவதில் மூலம். எங்கள் இரவுப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் தமிழ்ச் சுருக்கம் எழுதி, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தன் குரலில் படித்தார். மூல ஒலியை 12 டெசிபல் இறக்கிப் பின்னணியில் விட்டோம். இறங்கிய ஒலி அடியில் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது, அவையின் சூடு தெரியும்.

இங்கே கவனம்: டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிதான் வேண்டும். போன் பதிவு பெரும்பாலும் 44.1. முறையாக மாற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். சுருக்காத பிசிஎம் ஒலி ஒரு தடத்துக்கே 1536 கிலோபிட் விழுங்கும். ஏசி-3-இல் 192 வையுங்கள், பேச்சுக்குத் தாராளம். இரண்டு தடமும் சேர்ந்து 384. ஐயாயிரத்தில் இது போக மிச்சம்தான் படத்துக்கு. ஒலியைக் குறைத்துப் படத்துக்குக் கொடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டாம். படம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் எழுந்துவிடுவார்கள்.

வசனவரியும் சேர்த்தோம். எங்கள் தெருவில் காது கேட்காத பையன் ஒருவன், எட்டாவது படிக்கிறான், நன்றாக வாசிப்பான். டிவிடி வசனவரி எழுத்தாகப் போவதில்லை, படமாகப் போகிறது. பிளேயரில் தமிழ் எழுத்துரு இருக்கத் தேவையில்லை. பென் டிரைவில் தனி வசனவரிக் கோப்பு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல டிவிகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும், இல்லாவிட்டால் வெறும் பெட்டிகளாக வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் குண்டு டிவி படத்தின் ஓரத்தை விழுங்கும். கீழே சுமார் 60 வரி விட்டு, அதற்கு மேல் வசனத்தை ஏற்றி வையுங்கள்.

சாப்டர் குறிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று மென்பொருள் போடுவதை ஏற்காதீர்கள். நிறுத்திப் பேச வேண்டிய இடத்தில் நீங்களே போடுங்கள். தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1948 நவம்பர் 29. இன்று அது 17-ஆவது பிரிவு. அந்தப் பேச்சு வந்ததும் நிறுத்தினால் கூடமே பேசும், டீக்கடையில் தொடங்கிக் கோயில் வாசல் வரை போகும். அந்த அவையில் நம் பெண் ஒருவரே இருந்தார், தாட்சாயணி வேலாயுதன் என்று ஆசிரியை சொன்ன அன்று, பெண்கள் யாரும் ஒன்பது மணிக்குக் கிளம்பவில்லை.

எழுதும் வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிவிடி-ஆர் வாங்குங்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ குறைவாகவே ஒளியைத் திருப்பும், பழைய பிளேயர் பல நேரம் டிஸ்கே இல்லை என்று சொல்லும். இரட்டை அடுக்கு டிஸ்க் விலையும் அதிகம், தொல்லையும் அதிகம். 8 எக்ஸ் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யுங்கள். காகித லேபிள் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். நடுவளையத்தில் மார்க்கரால் எண் மட்டும் போடுங்கள். பிரதி இரண்டு: ஒன்று கூடத்தில், ஒன்று வேறு யார் வீட்டிலாவது. எங்கள் மாதிரி இடங்களில் கூடம் எப்போது எரியும், எப்போது ஒழுகும் என்று சொல்ல முடியாது.

நான்கு டிஸ்க் முடிந்தன. ஐந்தாவதுக்குத் தமிழ்க் குரல் பாதியில் நிற்கிறது. ஆசிரியைக்கு அறுவடை வேலை, இரவில்தான் படிக்க முடிகிறது. 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் ஆற்றிய நிறைவு உரையை மட்டும் சுருக்காமல் முழுதாகத் தமிழில் படித்துத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்கிறார். சேர்த்தால் அந்த டிஸ்கில் பிட்ரேட் நாலாயிரத்துக்குக் கீழே இறங்கும். சேர்க்கச் சொல்லிவிட்டேன். டிசம்பர் 6-க்குள் முடித்துவிடுவோம். பிரதி வேண்டியவர்கள் ஐந்து வெற்று டிஸ்கோடு வாருங்கள்.

ஜெய்பீம்.