பதினோராம் மணி வேளை

இயேசுபெருமான் மக்களுக்குப் போதித்தபோது பெரும்பாலும் அவர்கள் கண்முன் கிடந்த பொருள்களையே எடுத்துக்காட்டினார். விதைக்கச் செல்லும் உழவன், மாவில் புளிப்பைக் கலக்கும் பெண், தொலைந்த காசுக்காக வீட்டைப் பெருக்குகின்றவள், வலையை இழுக்கும் மீனவர் ஆகியோரே அவருடைய உவமைகளில் நடமாடுகின்றனர். அன்றாட வாழ்வே அவருக்கு ஏடாக இருந்தது.

ஆனால், அந்த உவமைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரு குறை இருந்தது. நாங்கள் கோதுமை வயலைக் கண்டதில்லை. திராட்சைக் கொடியையும் கண்டதில்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் மரங்களே. ஆகவே, வேதத்தில் வருகின்ற திராட்சைத் தோட்டத்தை ரப்பர்த் தோட்டமாகவே நான் மனத்தில் கண்டு வந்தேன். அந்தக் காட்சி எத்துணை பொருத்தமானது என்பதை உணர்வதற்கு எனக்கு நாற்பது வயதை நெருங்க வேண்டியிருந்தது. அதை உணர்த்தியவர் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார்.

சிலாங்கூர் மாநிலத்தின் ஒரு தோட்டத்தில் 1957 முதல் 1984 வரை அம்மா பால்மரம் வெட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். மண்ணெண்ணெய் விளக்கின் முன் முழந்தாளிட்டுச் சிறிது நேரம் ஜெபிப்பார். பிறகு தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாளியும் கத்தியுமாகப் பெரட்டுக்கு ஓடுவார். இருள் பிரியுமுன் நிரையில் நிற்க வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஏறத்தாழ 500 மரங்களை வெட்டி முடித்து, பால் ஓய்ந்தபின் மீண்டும் முதல் மரத்துக்குத் திரும்பி, மங்கு மங்காக வழித்து வாளியை நிரப்ப வேண்டும். மழை வந்துவிட்டால் வெட்டு இல்லை. வெட்டியபின் மழை வந்தால், பட்ட பாடெல்லாம் தண்ணீரோடு தண்ணீராக வழிந்து போய்விடும்.

பள்ளி விடுமுறை நாள்களில் நானும் என் தம்பியும் அம்மாவுக்குத் துணையாகத் தீம்பாருக்குப் போவோம். பால் வெட்டு பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வரும் சரிவான கோட்டில், பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனாலோ, பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கின்ற மெல்லிய படலம் அறுபட்டு மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளோடு இந்நிலப்பகுதியில் வேரூன்றிய பயிர் இது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்தாமல், முதல் வெட்டின் விளிம்பையே சிறிது சிறிதாகச் சீவி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கலாம் என்று ஆய்ந்து காட்டினார். அந்த நுட்பம் அம்மாவின் விரல்களில் இருந்தது.

நான் படித்து 1970இல் ஆசிரியரானேன். தோட்டத்துச் சிற்றாலயத்தில் போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்யும் பொறுப்பும் என்னைச் சேர்ந்தது. பேசுவதற்குப் பொருள் தேடி நான் அலைந்ததில்லை. காயப்பட்ட மரமே பால் தருகின்றது. காயப்பட்ட இயேசுவே நமக்கு வாழ்வு தந்தார். இலையுதிர்ந்த மரம் மீண்டும் தளிர்க்கின்றது. சோர்ந்த உள்ளமும் அவ்வாறே தளிர்க்கும். இவ்வாறு மரத்துக்கு மரம் ஒரு பாடத்தைக் கட்டிவிடுவேன். கேட்டவர்கள் பாராட்டினார்கள். அம்மா மட்டும் ஒருநாள் வீடு திரும்பும் வழியில் சொன்னார்:

“நல்லாத்தான் பேசுன. ஆனா வலிக்குதா இல்லையான்னு மரத்தத்தானேப்பா கேக்கணும்?”

நான் சிரித்தேன். படிக்காதவரின் பேச்சு என்று எண்ணிக்கொண்டேன்.

என் தம்பியைப் பற்றி இனிச் சொல்லத்தான் வேண்டும். அவன் என்னைவிட மூன்று வயது இளையவன். படிப்பில் மனம் செல்லவில்லை. பதினாறு வயதில் அம்மாவோடு மரம் வெட்டத் தொடங்கினான். அவசரக்காரன், அவன் நிரையில் காயமில்லாத மரமே இல்லை என்று மண்டோர் ஏசுவார். பிறகு சம்சு பழகினான். 1969ஆம் ஆண்டில் ஓர் இரவு, அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். பதினான்கு ஆண்டுகள் கடிதம் இல்லை. அம்மா ஒவ்வோர் இரவும் அவன் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். நானோ மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மாவிடம் கொடுத்தேன். வாரந்தோறும் வந்து வேதம் வாசித்துக் காட்டினேன். நல்ல மகன் என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே நம்பினேன்.

1983இல் அவன் திரும்பி வந்தான். முன்பற்கள் இரண்டு இல்லை. கையில் ஒரு துணிப்பை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டார். மறுவாரம் கிராணியாரிடம் மன்றாடி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. ஊழியர் சேமநிதிப் பணம் ஏறத்தாழ 6,000 வெள்ளி வந்தது. இருபத்தேழு ஆண்டுகள் இருளில் நடந்து சேர்த்த பணம் அது. அப்போது நான் வீடு வாங்க முன்பணம் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் அது தெரியும். ஒரு சனிக்கிழமை மாலை என்னை அழைத்து, தமக்கெனச் சிறிதளவு ஒதுக்கிக்கொண்டு, மீதியை இரண்டு சமபங்காகப் பிரித்து வைத்தார். ஒன்று எனக்கு, மற்றொன்று தம்பிக்கு.

என்னால் பொறுக்க முடியவில்லை. “பதினான்கு வருடமாக நான் பார்த்தேன், அவன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இது என்ன நியாயம்?” என்று கேட்டுவிட்டேன். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்தத் தோட்டக்காரக் கதையை வாசிப்பா” என்றார்.

எந்தக் கதை என்று எனக்குத் தெரியும். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் மட்டுமே காணப்படுகின்ற உவமை அது. இருபதாம் அதிகாரத்தில் உள்ளது. திராட்சைத் தோட்டத்து எசமானர் விடியற்காலையில் ஆள் பிடிக்கின்றார். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் பிடிக்கின்றார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையில், பதினோராம் மணி வேளையிலும் சிலரைக் கூட்டி வருகின்றார். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவனுக்கும் ஒரு பணம். முதலில் வந்தவனுக்கும் ஒரு பணம். வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுக்கின்றார்கள். நான் வேண்டாவெறுப்பாக வாசித்து முடித்தேன். எசமானருடைய தயாளத்தைப் பற்றி அம்மா ஏதோ சொல்லப் போகின்றார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“கடைசியா வந்தவன் சாயந்தரம் வரைக்கும் எங்கப்பா இருந்தான்?”

“சந்தைவெளியில் நின்றுகொண்டிருந்தான்.”

“ஏன் நின்னான்?”

“யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லையாம்.”

அப்போது அம்மா நான் அறியாத ஒன்றைச் சொன்னார். 1957இல் அப்பா இறந்ததும், அவர் வேலை செய்த இடத்தில் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. இரண்டு பிள்ளைகளோடு இந்தத் தோட்டத்திலிருந்த உறவினர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போய் ஓர் ஓரமாக நிற்பார். பேர் கூப்பிடுவார்கள், எல்லாரும் காட்டுக்குள் போய்விடுவார்கள், அம்மா மட்டும் அங்கேயே நிற்பார். ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்ட பின்னும், பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் பொழுது சாயும் வரை நிற்பார். மூன்று நாள் அப்படி நின்றாராம். நான்காம் நாள்தான் ஒரு நிரை கிடைத்தது.

“அந்த மூணு நாள் நின்ன வலி, இத்தன வருசம் மரம் வெட்டினதுல இல்லப்பா. வேலையில எறங்கிட்டவனுக்கு ஒடம்புதான் நோகும். இன்னைக்குச் சோறு உண்டுன்னு மனசு நிம்மதியா இருக்கும். நிக்கிறவனுக்கு அதுவும் இல்ல. நீ காலையிலேயே உள்ள வந்துட்ட. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியக் குடுத்தாரு, வேலையக் குடுத்தாரு. சின்னவன் பதினாலு வருசம் வெளியில நின்னான்.”

“அவனை யாரும் விரட்டவில்லையே! அவன்தானே ஓடிப்போனான்?” என்றேன்.

“ஓடிப்போனவன்தான். ஓடினவனுக்கு மட்டும் பொழுது சாயாதா?” என்றார் அம்மா. பிறகு மெல்ல, “உன் பங்குல ஒரு வெள்ளி கொறஞ்சுதா?” என்று கேட்டார்.

அந்த இடத்திலேயே என் நெஞ்சம் உருகியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நான் என் பங்கை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஓராண்டுக்கும் மேலாக அந்த லயத்துப் பக்கம் போகவில்லை. மாதப் பணத்தை மட்டும் அஞ்சலில் அனுப்பினேன். ஞாயிறுதோறும் பட்டணத்து ஆலயத்தில் பாடினேன்; ஜெபித்தேன்; அன்பைப் பற்றிப் பேசவும் பேசினேன்.

1985ஆம் ஆண்டின் இறுதியில் அம்மா பாரிசவாதத்தால் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு விரைந்தேன். லயத்து வாசலை அடைந்தபோது உச்சிவேளை. உள்ளே தம்பி அம்மாவைத் தன் மார்பில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். விடியுமுன் எழுந்து அம்மாவைக் கழுவித் துடைத்து, பக்கத்து வீட்டு அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டு நிரைக்குப் போவான். பால் நிறுத்ததும் ஓடி வந்துவிடுவான். மருத்துவமனைக்குப் போகவர வாரந்தோறும் வாடகைக் காருக்கும் மருந்துக்குமாக அவன் பங்குப் பணம் கரைந்துகொண்டிருந்தது. இதை அவன் சொல்லவில்லை. அந்த அம்மையார் சொன்னார். இடையில் ஓரிரு முறை அவன் குடித்துவிட்டு வந்ததையும், மறுநாள் அம்மாவின் காலடியில் அழுததையும் அவரே சொன்னார்.

“வாங்கண்ணே, வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?” என்றான் தம்பி. வேறொன்றும் கேட்கவில்லை.

நான் வாசற்படியிலேயே நின்றேன். விடியற்காலையில் வேலைக்கு வந்தவன் என்று என்னை நானே எண்ணியிருந்தேன். இப்போது பதினோராம் மணி வேளையில் வந்து நிற்பவன் நானே என்பது விளங்கியது. அம்மாவின் வலக்கை அசையவில்லை. இடக்கையை மெல்ல உயர்த்தி, உள்ளே வா என்பதுபோல் காட்டினார்.

“எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நீங்க வாசிச்சாத்தான் அம்மாவுக்குப் புடிக்கும்” என்று சொல்லித் தம்பி வேதப்புத்தகத்தை என் கையில் கொடுத்தான். தூசு படியாமல் துணியில் சுற்றி வைத்திருந்தான். நான் மத்தேயு இருபதாம் அதிகாரத்தைத் திறந்தேன். பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்மா கர்த்தருக்குள் அடைந்தார். அதுவரை ஒவ்வொரு வெள்ளி மாலையும் நான் அங்கே போய்விடுவேன். அண்ணனும் தம்பியும் மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்டோம். அந்தச் சில மாதங்களுக்காகவே நான் இன்றும் ஆண்டவருக்கு நன்றி சொல்கின்றேன். முழு நாளின் கூலியை எனக்கு அவர் அந்த ஒரு மணி நேரத்திலேயே கொடுத்துவிட்டார்.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயமும் போய்விட்டது. தம்பியும் ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டான். மரங்களைக் கொண்டு நான் கட்டிய பாடங்களில் எதுவும் இன்று என் நினைவில் உறுதியாக நிற்கவில்லை. அவை நான் மரத்தின்மேல் ஒட்டிவைத்த சொற்கள். அம்மாவின் பாடமோ மூன்று நாள் நின்ற கால்களின் வலியிலிருந்து வந்தது. அன்றாட வாழ்வில் இறைவன் பேசுகின்றார் என்பது உண்மையே. ஆனால், வலித்த இடத்தில் காது வைத்தவர்களுக்கே அப்பேச்சு தெளிவாகக் கேட்கின்றது.

ஓய்வு பெற்ற நான் இப்போது காலையில் நடக்கச் செல்வதுண்டு. எங்கள் பட்டணத்துச் சாலை முனையில், கடைகள் திறக்குமுன்பே சிலர் கூடி நிற்பார்கள். இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவருமாக, அன்றைய வேலைக்கு ஆள் பிடிக்க வரும் லாரிக்காகக் காத்திருப்பார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலோர் போயிருப்பார்கள். ஓரிருவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள்.

முன்பெல்லாம் அவர்களைக் கவனியாமல் கடந்து போவேன். இப்போது என்னால் அப்படிப் போக முடிவதில்லை. அருகிலுள்ள கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டே வருகின்றேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. உடைந்த மலாயே எங்களுக்குப் போதும். வீட்டுக்கு வந்ததும், பொழுது சாயுமுன் அவர்களை யாரேனும் கூப்பிட வேண்டும் என்று ஜெபிக்கின்றேன்.