முத்தாற்றுக்கு அடியில்

ஹுவாங்ஷா நிலையத்தில் கதவு திறந்ததும் பாட்டிகள் ஏறுகிறார்கள், கையில் துணிப்பை, பைக்குள்ளிருந்து காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோலின் வாசம், கசப்பும் இனிப்பும் பழைய அலமாரியும் கலந்த மாதிரி ஒன்று, குவாங்சௌ மெட்ரோவின் குளிர்காற்று எவ்வளவு வீசினாலும் கலையாமல், ரயில் முத்தாற்றுக்கு அடியில் புகுந்து ஃபாங்சுன் சேரும்வரை கூடவே வருகிறது.

அந்த வாசத்தின் பிறப்பிடம் பக்கத்திலேயே, சிங்பிங் சந்தையில், மூட்டை மூட்டையாக மூலிகை, காளான், கடல்குதிரை, அவற்றுக்கு நடுவே தோல் விற்கும் ஒரு கிழவர் இருந்தார், சின்ஹுய் தோட்டத்துப் பழமாக இருக்க வேண்டும், மூன்றாண்டாவது பழசாகியிருக்க வேண்டும், அதற்குக் குறைந்ததை மருந்தென்று மதிக்கமாட்டார், முதலில் புதுத் தோலை முகரக் கொடுத்து, பிறகு கறுத்துப்போன பழசைக் கொடுத்து, விலையை அப்புறம்தான் சொல்வார். சிறிய பாலம் தாண்டினால் ஷாமியன் தீவு, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் விட்டுப்போன மாளிகைகள்மேல் ஆலமர நிழல், அந்தப் பக்கத்துத் தேநீர்க்கடையில் தாத்தாக்கள் கிண்ணத்தையும் குச்சிகளையும் கொதிக்கும் தேநீரில் அலசிக் கொட்டிவிட்டு, கெண்டியின் மூடியைச் சற்று விலக்கிவைத்து, வெந்நீர் தானாக வந்துசேரும் என்ற நிதானத்தில் செய்தித்தாளைப் பிரிப்பார்கள்.

அதே வாசத்தோடு ஊதுவத்திப் புகையும் சேர்ந்துவிட்டால் எனக்கு அது பக்கத்து நகரமான ஃபோஷான். சீனாவில் இரண்டு நகரங்களை இணைத்த முதல் மெட்ரோ 2010 நவம்பரில் ஓடத் தொடங்குமுன் அங்கே பேருந்தில்தான் போவேன், கால்வாய்களும் பட்டறைகளும் ஜன்னலில் மாறிமாறி வரும், ட்சூமியாவ் கோயில் முற்றத்தில் 1658-இல் கட்டிய நாடக மேடை, பொன்பூச்சு மரச்சிற்பத் தடுப்பின் முன்னால் கான்டனிய இசைநாடகம் நடக்கும்போது, முன்வரிசைக் கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, பாடுபவர் இழுக்கப்போகும் இடத்தில் அவருக்கு முன்பே தலையசைப்பார்கள், வெயில் மேடையின் ஓரத்தை விட்டு இறங்குவதுகூடத் தெரியாமல்.

இப்போது கோயிலுக்கு அருகிலேயே நிலையம், வசதிதான், ஆனால் கால்வாயைக் காணோம். 2021-இல் வந்த 18-ஆம் தடம் இன்னும் வேகம், மணிக்கு 160 கிலோமீட்டர், கடலோர நான்ஷாவிலிருந்து நகர நடுவுக்கு முழுக்கச் சுரங்கத்திலேயே, நீராலான ஒரு கழிமுகத்தைத் துளித் தண்ணீர் கண்ணில் படாமல் கடந்துவிடுகிறோம், இது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனால் ரயிலுக்குள் அறிவிப்பு முதலில் பொதுச்சீனத்தில், பிறகு கான்டனியத்தில், கான்டனியம் கேட்டால் மட்டும் பாட்டிகள் நிமிர்கிறார்கள், 65 வயது தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் ஒரு கட்டுக் கீரைக்காகக்கூட ஆற்றைக் கடந்து வந்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி விலை பேசிக்கொண்டு போகிறார்கள், சுரங்கம் தொலைத்துவிட்டதாக நான் நினைத்த ஊரை அவர்கள் அன்றாடம் பையில் போட்டு உள்ளே கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கம் ரயிலில் சுற்ற நினைப்பவர்கள் புதுத் தடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அலுவலகக் கூட்டம் ஓய்ந்த முற்பகலில் ஹுவாங்ஷா வழியாகப் போகும் 1-ஆம் தடத்தில் ஏறுங்கள், சந்தை முடித்தவர்கள் திரும்பும் நேரம் அது.